காலி டப்பாவில் கரி

"காலி டப்பா எப்படிடீ நிறையும்?"

அத்தையிடம் அவள் புருஷன் கேட்ட கேள்வி இது. யார் அத்தை என்கிறீர்களா? நம்மோடு தையல் வகுப்புக்கு வருகிறாளே நெட்டை, அவளுடைய சொந்த அத்தை. விளக்கைப் போட வேண்டாம். கிட்ட வந்து உட்காருங்கள்.

பொழுது சாய்ந்து, எதிரே வருகிற முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நேரம். கல்குவாரியை மூடிய பிறகு ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. வேனை ஓட்டியது அத்தை. இருட்டினால் புருஷனுக்குக் கண் மசமசவென்று ஆகிவிடும். ஒப்புக்கொள்வானா? "என் பொண்டாட்டிக்கு நானே வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தேன்" என்று பீற்றிக்கொள்வான். வண்டிப் பட்டறை வைத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவனைச் சவடால் என்பார்கள்.

டீசல் வண்டிக்கு அடியில், புகைக் குழாயில் ஒரு டப்பா இருக்கும். ஃபில்டர். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்து, புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும். அடைத்துக்கொண்டால் ஓட்டுகிறவர் முன்னால் ஒரு விளக்கு எரியும். ஒழுங்கான பட்டறையில் அதைக் கழற்றி, அடுப்பில் சுட்டு, தூசி வெளியே பறக்காமல் மூடிய பெட்டிக்குள் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள்.

சவடாலுக்கு அவ்வளவு பொறுமை ஏது? டப்பாவை அறுப்பான். கம்பியால் குத்தித் தேன்கூட்டை உதிர்த்துக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்பப் பற்றவைப்பான். விளக்கு இனி எரியவே கூடாது என்று வண்டியின் கம்ப்யூட்டரையும் ஏமாற்றி வைப்பான். திருட்டு வேலை அல்லவா, யார் கண்ணிலும் படக் கூடாது. ஷட்டரை இறக்கிவிடுவான்.

இறக்கிவிட்டு, இந்த மகாவீரன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். உள்ளே குத்துவது அத்தையின் தம்பி.

வேலை முடிந்ததும் தம்பி விரல் முட்டியால் டப்பாவை இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பான். டங்... டங். காலி. அப்புறம் ஒரு இருமல். வரவர அந்த இருமல்தான் பெரிதாயிற்று.

"இருமலுக்கெல்லாம் லீவு கேக்குறான் பாரு, ராஜா வீட்டுப் பிள்ளை" என்பான் சவடால்.

தம்பி செத்துப்போனான். "பீடி" என்றான் சவடால், சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம். பீடியைக் கையால்கூடத் தொடாத பிள்ளை. 'என் பட்டறைத் தூசிதான்' என்று அவன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும் என்று அத்தை காத்திருந்தாள். அதற்காகத்தான் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

அந்தச் சாலையில், அவர்கள் வேனில் அந்த விளக்கு எரிந்தது.

தன் வேனின் ஃபில்டரையும் அவன் எப்போதோ உதிர்த்துவிட்டிருந்தான். அதனால்தான் சிரித்துக்கொண்டே கேட்டான், காலி டப்பா எப்படிடீ நிறையும் என்று.

வண்டி இழுக்கவில்லை. முடி பொசுங்குகிற நாற்றம். காலுக்கடியில்... தொப். தொப்.

அப்புறம் ஒரு இருமல்.

"கல்லு அடிக்குது" என்றான்.

என்ஜின் தானாக நின்றது. பெண்டாட்டி முன்னால் பயந்ததாகத் தெரியக் கூடாதே! டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து நகர்ந்தான். "காலின்னு காட்டுறேன் பாரு." ஸ்பேனரால் தட்டினான். டங் என்று கேட்கவில்லை. மூட்டையைத் தட்டினது போல... தொப்.

அத்தை இறங்கி வந்து குனிந்து, கையை நீட்டி டப்பாவைத் தொட்டாள். இவ்வளவு நேரம் ஓடிய வண்டி, தொட்டால் கைத்தோல் உரிந்து வர வேண்டும். சில்லென்று இருந்தது.

அவன் முன்பக்க நட்டுகளைக் கழற்றினான். கரி கொட்டியது. சத்தமே இல்லாமல், மாவு மாதிரி, அவன் கண்ணில், மூக்கில், வாயில். அந்த டப்பா கொள்ளாத அளவுக்குக் கொட்டியும் நிற்கவில்லை. இருமிக்கொண்டே வெளியே உருண்டு வந்தான். முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது.

"என் தம்பி எதுலங்க செத்தான்?" என்று கேட்டாள் அத்தை.

இருமினான். துப்பினான். அந்த நிலையிலும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

"பீடி" என்றான்.

வண்டிக்கடியில், ஆளே இல்லாத இடத்தில், விரல் முட்டியால் தட்டும் சத்தம். இரண்டு தட்டு. இப்போது டங்... டங். டப்பா காலியாகிவிட்டது.

அத்தை சாவியை அவன் காலடியில் போட்டாள். வந்த வழியே நடந்தாள். பின்னால் இருமல் கேட்டது. முதலில் ஒரு ஆள் இருமுவது போல. கொஞ்ச தூரம் போனதும்... இரண்டு ஆள்.

இரண்டாவது இருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. போய்க்கொண்டே இருந்தாள்.