அவள் மூக்குக்கு வந்த மருந்து

எனக்கு மூக்கு கொஞ்சம் பெரியது, ஐயா. தபால் நிலையத்தில் முத்திரை குத்திய காலம் முழுக்க என்னை 'மூக்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெண் பார்க்கப் போன அன்றும் அவள் அதைப் பார்த்துத்தான் சிரித்தாள். நான் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன் அவள் ஒரு பேருந்து ஓட்டுநரின் மனைவி. அவர் இரண்டே வருஷம் வாழ்ந்துவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். என்னோடு முப்பத்தெட்டு வருஷம். யாருக்குப் பாத்தியதை அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் அவளுக்கு மறதி நோய் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அது எல்லாவற்றையும் அழித்திருக்க வேண்டும். என் முப்பத்தெட்டைத் துடைத்துவிட்டு அந்த இரண்டை மட்டும் விட்டுவைத்தது. என்னை அவராகவே நினைத்துக்கொண்டாள். "டிரைவர் சார், ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சு கை எப்படிக் காய்ச்சுப் போச்சு," என்று என் உள்ளங்கையைத் தடவினாள். நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலங்களில் கூடத்தில் இரண்டு நாற்காலிகளை முன்பின்னாகப் போட்டு, சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி அவளை ஊர் ஊராக ஓட்டிப் போனேன். ஒருநாள் ஒரு மலையையே ஏறி இறங்கினோம். "வளைவுல மெதுவா போங்களேன். எனக்கு இருக்கறது ஒரே ஒரு வீட்டுக்காரர்," என்றாள்.

பிறகு டாக்டர் அந்தக் குப்பியைக் கொடுத்தார். "வாய் வழியா போற மருந்து மூளை வாசல்லயே நின்னுடும், பெரியவரே. மூக்கோட உச்சி மூளைக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்க பீச்சினா நேரா உள்ள போயிடும்."

காலையும் மாலையும் நானே பீச்சினேன். ஆறாவது வாரம் அவள் என்னை உற்றுப் பார்த்து, "ஏங்க, பால் பொங்குது, மரம் மாதிரி நிக்கிறீங்களே," என்றாள். டாக்டருக்கு ஏக சந்தோஷம். அதற்குப் பிறகு என் கையை அவள் தொடவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் மூக்குக்கு உப்புத் தண்ணீர். குப்பியை எத்தனை முறை அழுத்தினோம் என்று அதிலேயே எண் காட்டும், டாக்டர் அதைப் பார்ப்பார். அதனால் மருந்தை என் மூக்கில் பீச்சிக்கொண்டேன். நல்ல மருந்து, ஐயா. தொட்டிலில் கிடந்தபோது என்னைக் கடித்த கொசுவை இப்போது என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாலும் அடையாளம் காட்டுவேன். கூடவே, அந்த மனிதரை நினைத்து அவள் பெருமூச்சு விட்ட ஒவ்வொரு நாளும் தேதியோடு ஞாபகம் வந்தது.

இரண்டு மாதத்தில் நான் மறுபடி டிரைவர் சார் ஆனேன். "சிலருக்கு மருந்து கேக்கறதில்ல," என்று டாக்டர் வருத்தப்பட்டார். நான்தான் அவரைத் தேற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் தெருவில் இறங்கி, வந்துகொண்டிருந்த பேருந்துக்குக் கை காட்டியபடி குறுக்கே போனாள். நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். மருந்து போயிருந்தால் அவள் இறங்கியிருக்க மாட்டாள். போகாமல் செய்தவன் நான். மறைக்க ஒன்றுமில்லை.

எனக்கு ஒரே ஒரு குறைதான். வாசலிலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக அந்த ஓட்டுநரையே பார்த்துக்கொண்டு போனாள். அவர்கள் இரண்டு பேருக்கும் எத்தனை நாள் பழக்கம் என்று முதலில் விசாரியுங்கள், ஐயா.