ஒரு கொறையும் இல்லீங்க

சனிக்கிழமை சாயங்காலம் வந்துகொண்டிருந்த நடனப் போட்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதில் எனக்கு உடன்பாடு கிடையாது சார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் பக்கம் கறி எடுத்துச் சாப்பிட்டுத் தூங்கி, வெயில் தாழ எழுந்து, யார் வீட்டு விசேஷத்துக்காவது கிளம்பிவிடுவார்கள். டிவி முன்னால் உட்காருவதற்கு யார் இருப்பார்கள்? அந்தச் சேனல்காரர்கள் எங்கள் மல்லசமுத்திரத்துக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கேட்கவில்லை. பார்க்கிறவர்களிடம் கேட்காமலேயே, பார்க்கிறவர்களுக்காக என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் அந்த மாற்றங்கள்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'ஆட வாங்க' நிகழ்ச்சியில் முன்பெல்லாம் பிள்ளைகள் ஆடும், நடுவர்கள் மார்க் போடுவார்கள், குறைந்த மார்க் வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான். இந்த வருஷம் பாதி மார்க்கைப் பார்வையாளர்களின் ஓட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடவே 'எங்க வீட்டுக் கதை' என்று ஒரு சுற்றையும் சேர்த்தார்கள். பிள்ளை ஆடி முடித்ததும் பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லச் சொல்வார்கள். பின்னால் புல்லாங்குழல் வாசிப்பார்கள்.

என் பஞ்சர் கடைக்குப் பக்கத்திலேயே பாப்பாயி அக்காவின் டீக்கடை. அங்கே ஒரு டிவி உண்டு. லாரிக்காரர்களும் தறி ஓட்டுகிறவர்களும் போர் போடும் ரிக் வண்டி ஆட்களும் அங்கேதான் பார்ப்பார்கள். அந்தப் புதுச் சுற்றைத் திட்டாதவர் யாருமில்லை. “ஆட்டத்தக் காட்டுங்கடான்னா அழுவாச்சியக் காட்டறானுங்க” என்பார் பாப்பாயி அக்கா. சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை என்னிடம் நீட்டி, “அந்த இட்லிக்காரம்மா பையனுக்கு ஓட்டுப் போட்டுக் குடு சாமி” என்பார். பார்வையாளர் கருத்து என்பது இரண்டு வகை சார். வாயால் சொல்வது ஒன்று, விரலால் அமுக்குவது ஒன்று. சேனல்காரர்கள் எண்ணுவது இரண்டாவதைத்தான்.

அந்தப் போட்டியில் என் அக்கா கமலவேணியின் மகள் தர்ஷிகா இருந்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண். நான் அவளுக்குத் தாய்மாமன். தாய்மாமன் என்றால் எங்கள் ஜனத்தில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். அவள் பெரியவளானபோது சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதனால் எனக்கென்று இருந்தது அவள்தான். திருச்செங்கோட்டில் டான்ஸ் கிளாஸுக்கு என் பைக்கில்தான் போய்வந்தாள். உள்ளே அவள் ஆடி முடிக்கும் வரை வாசலில் நிற்பேன். சென்னைக்குத் தேர்வுக்கு அழைத்துப்போனதும் நான்தான். அவள் ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னால், மாமன்காரன் அப்படித்தான் சொல்வான் என்பீர்கள். நடுவர்களே சொன்னார்கள், இந்த வருஷம் பட்டம் இவளுக்குத்தான் என்று.

அவள் அப்பா கந்தவேல் சொந்த லாரியில் நாமக்கல் பண்ணைகளுக்குக் கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மச்சான். நல்ல மனுஷர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

அவர் முறை வந்தபோது சலவை வேட்டி சட்டையோடு மேடை ஏறினார். தொகுத்து வழங்குகிற பெண் அவர் தோளில் கை வைத்து, “இந்த மேடைக்கு உங்க பொண்ணக் கொண்டுவர எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க, மனசு விட்டுச் சொல்லுங்கப்பா” என்றாள். புல்லாங்குழலும் ஆரம்பித்துவிட்டது. மச்சான் கொஞ்சம் யோசித்தார்.

“கஷ்டமெல்லாம் என்னுங்க. சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க. ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க எல்லாம் சாப்ட்டாச்சுங்களா?”

புல்லாங்குழல் பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்து மனுஷர் வேறு எப்படிச் சொல்வார்? முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டுக் குறையைச் சொல்வது எங்களுக்கு மானக்கேடு. வயிறு காய்ந்து கிடந்தாலும், இப்பத்தான் சாப்ட்டமுங்க என்று சொல்லிப் பழகியவர்கள். கீழே இறங்கி வந்து என்னிடம், “நல்லாப் பேசுனனா மாப்ள?” என்று வேறு கேட்டார். அந்த வாரம் ஆட்டத்தில் தர்ஷிகாவுக்கு முதல் இடம், ஓட்டில் கடைசி இடம். இரண்டையும் கூட்டியதில் நூலிழையில் தப்பினாள். இன்னொரு முறை இப்படி ஆனால் அவள் வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

“நா நல்லாத்தான மாமா ஆடுனேன்? அப்பறம் ஏன் மாமா?” என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டாள். என்னால் அவளுக்குப் பதிலாக மேடையில் ஆட முடியாது. முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன்.

கடையைப் பூட்டிவிட்டு ஓட்டுக் கேட்கப் போனேன். எங்கள் ஊர், திருச்செங்கோடு, சேலத்தில் அம்மாபேட்டை தறிக்காரர் தெருக்கள், அங்கிருந்து அயோத்தியாப்பட்டணம் வரை போனேன். எல்லோரும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். ஆட்டம் பிரமாதம் என்றார்கள். இந்தப் புதுச் சுற்று வந்து நிகழ்ச்சியே கெட்டுப்போய்விட்டது என்றும் சொன்னார்கள். கடைசியில், “அந்தப் புள்ளைக்கென்னுங்க, அப்பன் லாரி வெச்சிருக்கறாரு. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் பாவமுங்க, அவங்கம்மா இட்லிச் சட்டியத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையுது” என்றார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். அவர்களோடு நான் எப்படிச் சண்டை போடுவது? கையாலாகாதவனாகத் திரும்பி வந்தேன்.

மச்சானிடமும் கேட்டுப் பார்த்தேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் நான் கேட்டது சின்ன உதவிதான்.

“அடுத்த தடவ கேட்டாங்கன்னா லாரி வாடக வண்டின்னு சொல்லிருங்க மச்சான். அக்காவுக்கு நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சேத்துக்குங்க. போதும்.”

“அட, நல்லா இருக்கற ஊட்ட நம்ம வாயாலயே கெடுத்துக்கறதா மாப்ள? உங்கக்கா கேட்டா வெளக்கமாத்த எடுத்துக்குவா.”

“புள்ள தோத்துருமுங்க.”

“தோத்தாத் தோத்துட்டுப் போறா. ஊட்டுக்கு வந்து படிக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு தகப்பன் இப்படிப் பேசலாமா சார்? அவள் ராப்பகலாக ஆடியதை அவர் பார்த்தாரா? வாசலில் நின்றது நான். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பிள்ளைக்கு இல்லாதது ஒரு கதை. அதை அப்பன் கொடுக்கமாட்டேன் என்கிறார். அப்படியென்றால் அது தாய்மாமன் செய்ய வேண்டிய சீர்.

பிறகு ஒரு நாள் பின் சக்கரத்து பிரேக்கைப் பார்க்க மச்சான் லாரியை என் கடைக்குக் கொண்டுவந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகமாட்டார்கள். வண்டியைத் தூக்கியதும் அச்சுக்கு அடியில் ஒரு புளியங்கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். ஜாக்கி கைவிட்டாலும் கட்டை தாங்கும். கட்டையை வைப்பது வெளியே நிற்கிறவன் வேலை. உள்ளே போகிறவர் ‘கட்ட குடுத்தாச்சா’ என்று கேட்பார். ‘குடுத்தாச்சு’ என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். பார்ப்பது எதிராளியை நம்பவில்லை என்பது போல ஆகிவிடும். மச்சான் எத்தனையோ முறை என் வார்த்தையை நம்பி உள்ளே போயிருக்கிறார். அன்றைக்கும் கேட்டார். நானும் பதில் சொன்னேன். ஜாக்கி இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கட்டை நழுவிவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, “மாறா, எனக்கு இனி நீதாண்டா” என்று அழுதாள். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுத்துப் போட்டதிலிருந்து கருமாதி வரை ஒன்று குறையாமல் நான்தான் நின்று செய்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

சேனலிலிருந்து ஃபோன் வந்தது. துக்கம் விசாரித்தார்கள். பிறகு, வீட்டுக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் பேசினேன். மச்சானின் லாரி, என் கடை, ஜாக்கி எல்லாவற்றையும் காட்டினேன். “‘கட்ட குடுத்தாச்சா மாப்ள’ன்னு கேட்டாருங்க. அதாங்க அவரு கடைசியாப் பேசுன வார்த்த” என்று சொல்லும்போது கேமரா பிடித்த பையனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். தர்ஷிகா ஆடமாட்டேன் என்றுதான் சொன்னாள். “அப்பாவுக்காக ஆடு சாமி” என்று நான் சொன்னதும் கிளம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விழுந்த ஓட்டு நிகழ்ச்சியில் இதுவரை யாருக்கும் விழாதது என்றார்கள். பாப்பாயி அக்கா தன் பேரன் பேத்தி ஃபோனையெல்லாம் வாங்கி வந்து என்னிடம் கொடுத்து ஓட்டுப் போட வைத்தார். பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தர்ஷிகா இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் சேனல் ஒரு அறிவிப்புப் போட்டது. பார்வையாளர்களின் கருத்துக்கு மதிப்புக் கொடுத்து, இறுதிச் சுற்றில் வீட்டுக் கதை கிடையாது, ஓட்டும் கிடையாது, பழையபடி ஆட்டத்துக்கு நடுவர்கள் போடும் மார்க் மட்டும்தான் என்று. அழுகை அதிகமாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் ஊர் ஊராக எழுதியிருக்கிறார்கள். அதைக் கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதை ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால் ஆட்டத்தை வைத்தே அவள் ஜெயித்திருப்பாள். மச்சானும் முன் வரிசையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருப்பார். யாரிடம் போய் நான் இதைக் கேட்பது? என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நான் பேசிய வீடியோவை அவர்கள் நெட்டிலும் போட்டிருந்தார்கள். சென்னைக்காரர்கள் அதன் கீழே இதயமும் கும்பிடும் போட்டிருந்தார்கள். நம் பக்கத்து லாரிக்காரர் யாரோ ஒருவர் மட்டும், 'ஜாக்கி எறங்குனாலும் கட்ட குடுத்திருந்தா ஆளுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே. கட்டைய வெச்சது யாருங்க?' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நாமக்கல், சங்ககிரி, ராசிபுரம் என்று எல்லா ஊர் டிரைவர்களும் அதையே கேட்டிருந்தார்கள். தன்னைப் பற்றி எழுதுவதையெல்லாம் தர்ஷிகா ஒன்று விடாமல் படிப்பாள். அது எனக்குத் தெரியும்.

இறுதிச் சுற்றுக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

“எப்பவும் கட்டைய நீங்கதான மாமா வெப்பீங்க?”

“நேரமாச்சு. சாப்ட்டியா சாமி?” என்றேன்.

மேடையில் பாட்டு ஆரம்பித்தது. அவள் நடுவில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கை காலை அசைக்கவில்லை. பாட்டு முடியும் வரை கூட்டத்தில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஆத்தூர்ப் பையன் ஜெயித்தான். மறுநாள் அக்காவும் அவளும் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னார்கள். நான் ஓடவில்லை. எங்கே ஓடுவது?

இனி நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள். சாகடிக்கவே நினைத்தேனா என்பது முதல் கேள்வி. கால் மட்டும்தான் போக வேண்டும் என்று நினைத்தேன் என்று காலையில் சொன்னேன். அது உண்மைதான், கொஞ்ச நேரம் வரைக்கும். பிரேக் பார்க்கும்போது மச்சான் தரையில் உட்கார்ந்து, காலை அச்சுக்கு அடியில் நீட்டிக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார். அதற்குள் ஒரு நட்டு உருண்டு உள்ளே போய்விட்டது. அதை எடுக்க மல்லாந்து படுத்தார். அப்போதுதான் கட்டையைக் கேட்டார். கட்டை என் பக்கத்தில் கிடந்தது. குடுத்தாச்சு மச்சான் என்றேன். நெஞ்சு வரைக்கும் அடியில் போனார். அவர் படுத்திருந்ததைப் பார்த்தேன். கால் போன அப்பாவை விட, அப்பா போன பிள்ளைக்குத்தான் ஓட்டு அதிகம் விழும் என்று எனக்குத் தோன்றியது. ஜாக்கியை இறக்குகிற வால்வைத் திருப்பினேன். நழுவவில்லை, நான் திருப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் அவளுக்காகத்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் எதையும் ஆசைப்பட்டதில்லை.

டிவியில் அழுதது நடிப்பா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை சார். முதல் முறை எடுத்தபோது ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன் நடுவில் விழுந்துவிட்டது. இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். இரண்டாவது முறைதான் எனக்கு நன்றாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்ஷிகாவுக்குத்தான் அழுகையே வரவில்லை. அதனால் அவளை வெட்டிவிட்டு, முழுக்க என்னை மட்டும்தான் போட்டார்கள்.