‘திருத்து’ பொத்தானைத் தூக்கவிட மாட்டோம்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் நிஷிமோரி அவர்களே, நகராட்சியிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, வெள்ளைச் செவ்வந்தியும் கையுமாக நிற்கும் என் தோழர்களே! நான் ஒகாபயாஷி. மிஹோகோ அம்மையாரின் பக்கத்து மேசைக்காரன்.

நம் தலைமை நிரலாளர் குஸுனோசே மிஹோகோ அம்மையார் போய்விட்டார். தோகுஷிமா மாகாணத்தின் மலையூர்களுக்கெல்லாம் பிஎச்பி நிரல்மொழியில் இணைய விண்ணப்பப் பக்கங்கள் எழுதித் தந்தவர் போய்விட்டார். அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. நான் சண்டை போட வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் யார் எதை எழுதினாலும், அடுத்த பக்கத்தில் அதையே காட்டி, “சரிதானா?” என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஒருவரும் அனுப்ப மாட்டார்கள். ஆனால் இணையப் பக்கத்துக்கு ஞாபகம் ஏது? முதல் பக்கத்தில் வந்ததை வாங்கி, பத்திரப்படுத்தி, அடுத்த பக்கத்திடம் நாம்தான் ஒப்படைக்க வேண்டும். எழுதியவர் திருத்தத் திரும்பி வந்தால், அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை எத்தனை பேர் செய்கிறோம்?

வெள்ளம் வந்த ஆண்டு, வீடிழந்த யூசு எலுமிச்சைத் தோட்டக்காரர் ஹிரோமாட்சு, முகாமில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தற்காலிக வீட்டுக்கு விண்ணப்பம் தட்டினார். தொலைபேசி எண் தப்பு. ‘திருத்து’ பொத்தானை அழுத்தினார். எல்லாம் காலி! நம் அலுவலகத்தில் போனை எடுத்த மிஹோகோவிடம் கத்தினார்: “ஏம்மா, வெள்ளம் அடிச்சிட்டுப் போனது பத்தாதுன்னு நீங்க வேறயா?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாரா மிஹோகோ? இல்லை! “சாயங்காலம் இன்னொரு தரம் எழுதிப் பாருங்க தாத்தா. ஒரு எழுத்து காணாமப் போனாலும் நானே வண்டி ஏறி வந்து எழுதித் தர்றேன்” என்றார். எழுதியதெல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கும்படி அன்றைக்கே மாற்றினார். பெரியவர் எழுதினார், திருத்தினார், அனுப்பினார். வீடு கிடைத்தது.

பிறகு நம் தலைவர் சொன்னார்: “அந்தப் பொத்தானையே தூக்கிட்டா நமக்கு வேலை மிச்சம்மா. தப்பா எழுதினவங்க முதல்லேர்ந்து எழுதட்டும்.”

மிஹோகோ விடவில்லை: “முதல்லேர்ந்துன்னா உங்களுக்கு அஞ்சு நிமிஷம் தலைவரே. அவருக்கு ஒரு பகல். நான் இருக்கிறவரைக்கும் அது நடக்காது.”

இப்போது அவர் இல்லை. அவர் கண்மூடிய வாரத்திலேயே புதிய பதிப்பு தயாராம். அதில் ‘அனுப்பு’ மட்டும்தானாம். திங்கட்கிழமை சர்வரில் ஏற்றப் போகிறார்களாம். என்ன அவசரம்! என்ன துணிச்சல்!

தலைவரே, முறைக்காதீர்கள். ஏற்ற வேண்டியவன் நான். ஏற்ற மாட்டேன். என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைக்கலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இங்கேயே கேட்டுவிடுகிறேன். தோழர்களே, மிஹோகோவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்: “நான் ஏற்றுகிறேன்” என்பவர் கை தூக்குங்கள்!

நன்றாகப் பாருங்கள், தலைவரே. ஒரு கைகூட இல்லை.