கூட ஓடியவன்

ஓட்டல் அறையில் வெள்ளை விரிப்பின் மேல் ஒரு முடி கிடந்தால், அதை எடுக்காமல் என்னால் அடுத்த அறைக்குப் போக முடியாது. அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளர் வேலை எனக்கு. முதுகுக்குப் பின்னால் என்னை ‘பூதக்கண்ணாடி’ என்று கூப்பிடுகிறார்கள். காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடுவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான் சார்.

என் மனைவியும் கல்யாணமான புதிதில் சுத்தமாகத்தான் இருந்தாள். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால்கூட இப்போதுதான் குளித்தவள்போல் இருப்பாள். கூட வேலை பார்க்கிற ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனதில் ஆரம்பித்தது எல்லாம். முதலில் பூங்காவைச் சுற்றி ஓடினாள். பிறகு நெடுஞ்சாலை, அப்புறம் மலை. நான் தடுக்கவில்லை. பெண்டாட்டியை அடக்கி வைக்கிற ரகம் இல்லை நான்.

ஆனால் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்ததை எல்லாம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வியர்வை காய்ந்து உப்புப் பூத்த சட்டையை என் தலையணை மேல் கழற்றிப் போடுவாள். காலுறையை உருவினால் நாற்றம் சமையலறை வரை வரும். ஓடும்போது எச்சில் துப்பிப் பழகி, வீட்டு வாசலிலும் துப்பினாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கறுத்துப்போன கால் கட்டைவிரல் நகத்தை அப்படியே கழற்றி என் பக்கம் நீட்டினாள். "பாருங்களேன், முழுசா வந்துடுச்சு" என்று சிரிப்பு வேறு. தட்டைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த மேசையில் எனக்குச் சாப்பாடு இறங்கியதே இல்லை.

"ஒழுங்கா இருந்தவதானே நீ?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இப்பத்தாங்க ஒழுங்கா இருக்கேன்" என்றாள்.

தலையணை உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன்.

நூறு கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். அவ்வளவு தூரம் அவளுக்கு அதுதான் முதல் தடவை. பாதி தூரத்துக்கு மேல் துணைக்கு ஒரு ஆள் கூடவே ஓடலாம் என்பது அந்தப் போட்டியின் வழக்கம். "நீங்க வாங்க" என்று என்னைக் கேட்டாள். "உங்க அளவுக்குக் கவனமா யாரு பாத்துப்பா?" அது உண்மைதான். மூன்று மாதம் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன்.

போட்டிக்கு முந்தின வாரம் எல்லோரையும் உட்கார வைத்துப் பயிற்சியாளர் பேசினார். "பாதிக்கு மேல ஓடுறவங்களுக்கு மூளை வேலை செய்யாது. துணைக்குப் போறவங்கதான் அவங்க மூளை. எப்ப குடிக்கணும், எப்ப திங்கணும், எல்லாம் நீங்கதான் சொல்லணும்." ஓடுகிறவர்கள் பக்கம் திரும்பி, "மறுபேச்சு பேசக் கூடாது" என்றார். பிறகு ஒரு டாக்டர் எழுந்தார். "உப்பு இல்லாம வெறும் தண்ணியா ஊத்திட்டே இருந்தீங்கன்னா ரத்தத்துல உப்பு குறைஞ்சு மூளை வீங்கிடும். விரல் வீங்கும், வாந்தி வரும், பேச்சு குழறும். அப்படி ஏதாவது தெரிஞ்சா தண்ணியை நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க." மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன்.

போட்டி அன்றைக்கு மதியம், பாதி வழியில் இருந்த கூடாரத்தில் அவளுக்காகக் காத்திருந்தேன். வந்தாள். கன்னத்தில் சளி காய்ந்திருந்தது. தொடை உரசி உரசித் தோல் கிழிந்து, கால்சட்டையில் ரத்தமும் மூத்திர வாடையும். அந்தக் கோலத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உப்பு மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, "இனிமே எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுங்க. நீங்க சொல்றதுதான்" என்றாள்.

குடி என்றேன், குடித்தாள். இன்னும் என்றேன், இன்னும் குடித்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. நடுவில் "உப்பு?" என்று கேட்டாள்.

"இப்பத்தானே குடுத்தேன்."

"அப்படியா?" என்று நம்பிவிட்டாள்.

முதல் வாந்தியில் வெறும் தண்ணீர்தான் வந்தது. நாற்றம் இல்லை. அது பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் உப்பி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. "கை என்னவோ மாதிரி இருக்குங்க." நான் அந்தக் கையைத் தொடவில்லை. ஓடினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, பாட்டிலை அவள் வாயருகே வைத்தேன்.

அடுத்த மருத்துவச் சாவடியில் ஒரு நர்ஸ் அவளை உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தார். "உப்பு எடுக்கிறாங்களா?"

"நான்தான் கையில குடுத்துட்டு வரேன்."

"பேச்சு குழறுதே?"

"களைப்புங்க. ஒரு வருஷக் கனவு. இங்க நிறுத்தினா மனசு ஒடிஞ்சுடுவா."

அந்தம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. "இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கணுமே" என்றார். நன்றி சொல்லிவிட்டு மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்.

அதற்குப் பிறகு ரொம்ப தூரம் போகவில்லை. ஓடைக்குப் பக்கத்தில் நின்று, நீங்க யாரு என்று என்னைக் கேட்டாள். கூட ஓட வந்தவன் என்றேன். தலையாட்டினாள். அப்படியே என் ஷூ மேல் வாந்தி எடுத்துவிட்டு விழுந்தாள். கை கால் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

போனில் சிக்னல் இருந்தும் ஏன் உடனே கூப்பிடவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள், இன்றும் கேட்கிறீர்கள். ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வெறும் தண்ணீர் இல்லை. கயிற்றின் இடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் வேறு எதையும் யோசிக்க முடியாது. கழுவி முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. டப்பா பிரிக்காமல் என் பையில்தான் இருந்தது, நீங்களே எடுத்தீர்கள். முதலில், கொஞ்சம் வாந்தி எடுத்து, அலுத்துப்போய், பழையபடி ஆகிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். விரல் வீங்கியதும் நினைப்பு மாறிவிட்டது. இனி என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்துதான் மேலும் மேலும் கொடுத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மனைவி மேல் வெறுப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார், அது நியாயமில்லை. வெறுக்கிறவன் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்திருப்பான். ஆட்கள் வந்து சேரும்வரை நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சு நின்ற பிறகும்கூட அவள் கையை விடவில்லை. வேலைக்குப் போடுகிற ரப்பர் கையுறை எப்போதும் என் பையில் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டுதான் பிடித்திருந்தேன்.