அஞ்சாவது பாயிண்ட்

– தலையைத் தூக்காத. மேல பலகை இருக்கு.

– இடிச்சுக்கிட்டேங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?

– டீச்சரம்மா தலை தாங்கும். என் தண்டவாளம் தாங்குமா?

– உங்க பொம்மை ரயிலுக்கு ஒண்ணும் ஆகல. இப்ப எந்த ஒயரு?

– கருப்பு. நடுவுல. சிவப்பு இடது பக்கம், பச்சை வலது பக்கம். மாத்திக் குடுத்தேன்னு வை, நேரா போற வண்டி ஷெட்டுக்குள்ள போயிடும்.

– நாலு பாயிண்டுக்கு ஒயர் போட்டவளுக்கு இது தெரியாதா?

– நாலு போட்டதும் வாய் வந்துடுச்சு பாத்தியா. நான் நிஜ ரயிலுக்கே தண்டவாளம் மாத்திவிடுற பாயிண்ட் திருப்பினவன். இப்பவும் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் பட்டன்ல கை வைப்பேன்.

– வைப்பீங்க... வைப்பீங்க.

– நாளைக்குப் பாரேன். மறுபடி வேலைல சேர, ஆபீஸ் டாக்டர் முன்னாடி டக்கு டக்குனு அமுக்கிக் காட்டுறேன். ‘இந்தாளுக்கா பக்கவாதம் வந்துச்சு’ன்னு கேப்பாரு. என்ன, சத்தத்தைக் காணோம்?

– ஸ்குரூ கீழ விழுந்துடுச்சு. தேடுறேன்.

– டார்ச்சைப் பக்கத்துல வச்சுக்கோ. அவசரமில்ல.

– ஏங்க, இதுக்கெல்லாம் சாதாரண லைட் சுவிட்சு போட்டிருக்கலாம்ல? போட்டா போட்டபடி இருக்கும். இந்த காலிங்பெல் பட்டன் எதுக்கு?

– எத்தனை தடவை சொல்றது? பாயிண்ட் மோட்டார்ல இருக்குற காயில் ஒரு தட்டுதான் தாங்கும். தட்டணும், விரலை எடுத்துடணும். அமுக்கிப் பிடிச்சா சூடாகிப் புகைஞ்சு போயிடும். மொத பாயிண்டு அப்படித்தானே நாறிச்சு?

– அது கடைக்காரன் குடுத்த சரக்கு மட்டம்.

– ரெண்டாவது?

– அதுவும் அதே கடைதானே.

– ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

– யாரைச் சொல்றீங்க?

– பொதுவா சொன்னேன்மா. அதுக்கப்புறம் எதுவும் எரியலையே. விரல் தேறிடுச்சுன்னுதானே அர்த்தம்?

– ம்.

– ம்முன்னா?

– தேறிடுச்சுன்னுதான்... அர்த்தம். ஒயர் போட்டாச்சு.

– அப்ப வெளிய வா. அமுக்கிப் பாப்போம்.

– இல்ல, நான் இங்கயே இருக்கேன். ஒயர் கழண்டுச்சுன்னா பிடிச்சுக்கலாம்.

– தினமும் இதையே சொல்ற. முதுகு வலிக்கலையா?

– வலிக்கட்டும். நீங்க அமுக்குங்க.

– மொதல்ல காயில் மாத்தின பழசு ரெண்டையும் பாப்போம். இதோ... ஒண்ணாவது.

– திரும்புச்சா?

– திரும்புச்சு. ரெண்டாவது... திரும்புச்சு. சும்மா சொல்லக் கூடாது, உன் கை ராசியான கை.

– என் கை எங்க வந்துச்சு இதுல?

– ஒயர் போட்ட கையைச் சொன்னேன்.

– ஓ.

– சரி, அஞ்சாவது. புதுசு. ரெடியா?

– ரெடி.

– ...

– திரும்புச்சாங்க?

– திரும்புச்சு. ஆனா...

– ஆனா என்ன?

– நான் இன்னும் அமுக்கலையே.

– ...

– சரி விடு, விரல் பட்டிருக்கும். எனக்கே தெரியாம பட்டிருக்கும். சில நேரம் அப்படித்தான் ஆகுது.

– பட்டிருக்காதுங்க.

– பட்டிருக்கும்னு சொல்றேன்ல?

– நாளைக்குப் போக வேணாங்க.

– என்ன திடீர்னு?

– போக வேணாம். லீவை நீட்டிக் கேப்போம். என் சம்பளம் வருது, சமாளிச்சுக்கலாம்.

– அழறியா?

– கீழ ஒரே தூசி.

– வெளிய வா மொதல்ல.

– வர மாட்டேன். உங்க முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது. இந்த ஒயர் எதுவும் மோட்டார்ல இல்லைங்க. எல்லாத்தையும் பிடுங்கி வச்சிருக்கேன். நீங்க அமுக்குற நேரம் பாத்து நான்தான் கம்பியைக் கையால தள்ளிவிடுறேன். உங்க விரல் கீழ போகுது, மேல வர மாட்டேங்குது. பக்கத்துல உக்காந்து பாத்தேன். எடுத்துட்டேன்னு நீங்க நெனச்சீங்க, ஆனா விரல் பட்டன் மேலயே கெடந்துச்சு. ரெண்டாவது காயிலும் புகைஞ்சதும் நீங்க சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. சாப்பிடக்கூட இல்ல. அதான்... ஒரு நாளைக்கு மட்டும்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன்.

– தெரியும்மா.

– என்ன தெரியும்?

– கரண்ட் குடுக்குற இந்த அடாப்டரை நான் பிளக்குல சொருகுறதே இல்ல. மூணாவது காயிலையும் எரிச்சிடுவேனோன்னு பயந்து உருவிப் போட்டேன். கரண்ட் இல்லாமலே டக்குனு திரும்புச்சு.

– அப்ப ஏங்க சொல்லல?

– நீ சமையக்கட்டுல பாட்டு முணுமுணுத்த, அன்னிக்கு ராத்திரி. நான் விழுந்ததுலேர்ந்து உன் வாயில பாட்டே இல்ல. நான் தேறிட்டு வர்றேன்னு எனக்குக் காட்டத்தான் நீ இத்தனையும் பண்றேன்னு புரிஞ்சுச்சு. அதைப் போய் கெடுக்கவா?

– நான் உங்களுக்கு நம்பிக்கை குடுக்கணும்னு...

– நான் உனக்கு. நல்ல ஜோடி போ.

– சிரிக்காதீங்க. நாளைக்கு அந்த டாக்டர் முன்னாடி, அத்தனை பேர் பாக்க, உங்க விரல் பட்டன்லயே கெடந்தா... அதை நெனச்சுத்தான் தூங்காம கெடக்குறேன். போகாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க.

– அதெல்லாம் பாத்துட்டாங்க.

– யாரு?

– டாக்டரு, பெரிய ஆபீசரு, என் கூட பாயிண்ட் திருப்புற பேனல்ல உக்காந்த பசங்க, எல்லாரும். போன வாரம் உன் தம்பி என்னைக் கைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னானே... போனது ஆபீஸுக்கு. விரலை எடுங்க சார், எடுங்க சார்னு நல்லவிதமாத்தான் சொன்னாங்க. அப்புறம் டாக்டர் இந்த வேலைக்குத் தகுதி இல்லன்னு எழுதிட்டாரு.

– அய்யோ... என்கிட்ட ஒரு வார்த்தை... அப்ப நாளைக்கு எதுக்குப் போறீங்க?

– வேலையை விட்டுப் போறேன்னு கைநாட்டு வைக்க. பேனா பிடிக்க வரலைல்ல... அமுக்கிடுவேன். எடுத்துவிடத்தான் ஆள் வேணும். கூட வர்றியா?