மார்ஹெக்கில் நான்கு நிமிடம்

வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா வர ஒரு மணி நேரம்தான் ஆகும், ஐயா. ஒரு காப்பி குடித்துவிட்டு முதுகைக் கொஞ்சம் சாய்த்தால் ஊர் வந்துவிடும். இரண்டு தலைநகரங்கள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை வசதி என்று அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் என்றால், இங்கிருந்து வியன்னாவுக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. ஹெர்மினா அம்மாவை நானும் வில்மாவும் ஐந்து வருடம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். எண்பத்தேழு வயது அவருக்கு. நினைவு தப்பிவிட்டது. வால்டி என்று ஒரு நாய் வைத்திருந்தார். அது செத்துப் பத்து வருடமாகிவிட்டது. ஆனாலும் தினமும் கோட்டு மாட்டி, நாயின் வாரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அதனால் நாங்கள் வெளியே போனால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவோம். எங்களிடம் ஒரே சாவி. இன்னொன்று கிராட்ஸ் நகரத்தில் இருக்கும் அவருடைய மகனிடம் இருந்தது.

ஒருத்தி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மற்றவள் கிளம்ப வேண்டும் என்பது வேலைக்கு அனுப்பிய நிறுவனத்தின் விதி. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எல்லைக்கு முன்னால் மார்ஹெக் நிலையத்தில், போகும் ரயிலும் வரும் ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் நான்கு நிமிடம் நிற்கும். நான் இந்த வண்டியிலிருந்து இறங்குவேன், வில்மா அந்த வண்டியிலிருந்து இறங்குவாள். நடைமேடையில் சாவி கை மாறும். வில்மா எனக்குக் கசகசா வைத்த பிறை ரொட்டி ஒன்று கொண்டுவருவாள்.

"என்னடி டாரின்கா, கிழவி இன்னும் உன்னைக் கடிக்கலையா?" என்பாள்.

"பல்லை சர்க்கரை டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்காங்க. நீங்க போய்த் தேடிக்கோங்க, வில்மாக்கா."

இப்படிச் செய்ததில் இருவருக்கும் வீட்டில் இருக்க இன்னும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரம் ஹெர்மினா அம்மா தூங்கிக்கொண்டிருப்பார். சாவி யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பு அவளுடையது. இதை நாங்கள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மீறியதும் இல்லை.

போன வருடம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் வில்மாவின் முறை தொடங்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு இங்கே நீதிமன்றத்தில் எனக்கு வழக்கு. என் மகள் தமாரா யாருடன் இருக்க வேண்டும் என்ற வழக்கு. வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவள் எப்படி அம்மாவாக இருக்க முடியும் என்பது அவள் அப்பாவின் வாதம். வியன்னா வேலையால் ஏற்கெனவே இரண்டு விசாரணைக்கு நான் போகவில்லை. மூன்றாவதுக்கும் வராவிட்டால் பெண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

அன்று காலை ஏழு மணிக்கு வில்மா போனில் கூப்பிட்டாள்.

"டாரின்கா, எங்க அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுடி. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் கிழவிகூட இருடி. நாளைக்கு எப்படியாவது வந்துடறேன்."

"சரிக்கா, நீங்க அம்மாவைப் பாருங்க" என்றேன்.

நிறுவனத்தைக் கூப்பிட்டிருக்கலாம் என்பீர்கள். மேடையில் சாவி மாற்றுவது தெரிந்திருந்தால் இருவருக்கும் வேலை போயிருக்கும். வேலையில்லாதவளிடம் எந்த நீதிபதி பிள்ளையைக் கொடுப்பார்? மகனிடம் சொல்லியிருந்தாலும் அதேதான். ஆகவே ரவை உருண்டை போட்ட சூப்பை வெந்நீர்க் குடுவையில் ஊற்றி வைத்தேன். ரொட்டியை வெட்டி வைத்தேன், தண்ணீர் வைத்தேன், கதவைப் பூட்டினேன். மாலை ரயிலில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

மார்ஹெக்கில் இறங்கினேன். வில்மா வரமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் நான்கு நிமிடமும் சாவியைக் கையில் பிடித்தபடி மேடையில் நின்றேன். பிறகு ஏறிக்கொண்டேன்.

வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்தது. தமாரா என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் அப்படிச் சாய்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் இரு. நாளைக்குப் போயேன்."

நான் இருந்தேன். ஆப்ரிகாட் பழ ஜாம் வைத்து அப்பம் சுட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாலை இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை வில்மா அழுதுகொண்டே பேசினாள். "அம்மா போயிட்டாங்கடி. வெள்ளிக்கிழமை அடக்கம். அதுவரைக்கும் சமாளிச்சுக்கோ. கிழவி எப்படியிருக்கா?"

"தூங்குறாங்க" என்றேன்.

அப்போது நான் எங்கள் சமையலறையில் அப்பத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் வாங்கி, வண்டியில் உட்காரவும் உட்கார்ந்தேன். போனால் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும் முன் இறங்கிவிட்டேன். ஹெர்மினா அம்மா வியாழக்கிழமை மாலைதான் இறந்திருப்பார் என்று மருத்துவர் பின்னால் சொன்னாராம். அது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குப் போனேன். வில்மா திகைத்துப்போனாள்.

"நீ எப்படிடி வந்தே? கிழவி?"

"மகன் வந்திருக்கார்க்கா. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருப்பாராம். சாவியை அவர்கிட்ட குடுத்துட்டேன். உங்களைத் தனியா விட மனசு வரல."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பொய்யான அழுகை இல்லை. அப்படி அணைத்திருந்தபோதுதான் சாவியை அவளுடைய கறுப்புக் கோட்டின் பையில் போட்டேன். கைக்குட்டைக்குக் கீழே போய்விட்டது.

சனிக்கிழமை வில்மா வியன்னா போனாள். மணி அடித்தாள். யாரும் திறக்கவில்லை. கதவோடு காதை வைத்துப் பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, மூன்று நாளாகத் தட்டும் சத்தம் கேட்டது, யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன், நேற்றிலிருந்து இல்லை என்றார். போலீசைக் கூப்பிட்டவளே வில்மாதான். கதவை உடைத்தார்கள். ஹெர்மினா அம்மா கதவுக்குப் பின்னால் கிடந்தார். கோட்டுப் போட்டிருந்தார். கையில் நாயின் வார் இருந்தது.

மூக்கைத் துடைக்க வில்மா கைக்குட்டையை எடுத்தபோது, போலீஸ்காரர்கள் முன்னால் சாவி கீழே விழுந்தது.

சாவியைச் செவ்வாய்க்கிழமையே மார்ஹெக்கில் அவளிடம் கொடுத்துவிட்டேன் என்று போலீசிடம் நான் சொன்னேன். ஊருக்கு நான் வந்ததற்கு நீதிமன்றமே சாட்சி. மகன் கிராட்ஸை விட்டு நகரவே இல்லை என்று தெரிந்ததும் வில்மா சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. வில்மாவும் கொஞ்ச நாள் மறுத்தாள். பிறகு தன்னையே நம்பாமல் போனாள். "அஞ்சு ராத்திரி தூங்கல. ஒருவேளை வாங்கியிருப்பேன். ஞாபகம் இல்ல" என்று நீதிபதியிடம் சொன்னாள். நான் சாட்சி சொல்லிவிட்டு இறங்கியபோது, "பாவம்டி, உன்னையும் அலைய வச்சுட்டேன்" என்றாள். இப்போது சிறையில் இருக்கிறாள்.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். தமாரா வீட்டில் இருந்தாள், ஐயா. போன மாதம் அவளாகவே அப்பாவிடம் போய்விட்டாள். "நீ வீட்ல இருக்கறப்பவும் இல்லாத மாதிரிதாம்மா இருக்கே" என்றாள். இனி நான் எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்லை. அதனால் வந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறுப்பில்லாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த ஐந்து வருடத்தில் வில்மாவிடம் சாவியைச் சேர்க்காமல் நான் ஒருமுறைகூட இருந்ததில்லை.