சாமி காலடியில வச்ச பாட்டில்

இல்லீங்க டாக்டர் மேடம், சொந்தக்காரன்லாம் இல்ல. நான் பூசாரி, பேரு ராசாங்கம். உள்ள கட்டில்ல கையக் காலக் கட்டி வச்சிருக்கீங்களே, வைரக்கண்ணு, அவனுக்குக் குடிய விடறதுக்குக் கயிறு கட்டுனது நான்தான். நிக்கறேன், பரவால்ல. சரி, உக்காந்துக்கறேன். டீ வேணாங்க. ஐயோ, எதுக்கு, அங்கயே வைங்க, ஆறட்டும்.

உடையார்பாளையத்துக்குத் தெக்க, முந்திரிக்காட்டுக்குள்ள இருக்கு எங்க கருப்புசாமி கோயிலு. வெள்ளிக்கிழமையானா போதும், ஜெயங்கொண்டம் பஸ்ல வந்து எறங்குவாங்க. பொண்டாட்டி புருசன் கையப் புடிச்சு இழுத்துட்டு வரும். குளிச்சுட்டு ஈரத்துணியோட நின்னு, கடைசிப் பாட்டில சாமி காலடியில வச்சுட்டு, இதோட விட்டேன் கருப்பான்னு சொல்லணும். நான் கயித்தக் கட்டி மூணு முடிச்சு போடுவேன். கட்டிக்கிட்டவங்க திரும்பத் தொட மாட்டாங்க, கருப்பு மேல அவ்ளோ பயம். நெசமாவே நாலு குடும்பம் நல்லாருக்கு மேடம். பெரம்பலூரு வரைக்கும் பேச்சு.

இவன் சுண்ணாம்புக்கல்லு டிப்பர் லாரி ஓட்டுனவன். ரெண்டு வருசமா எவனும் சாவியக் கையில குடுக்கறதில்ல. அவன் பொண்டாட்டி உண்ணாமலை போன வெள்ளிக்கிழம கூட்டிட்டு வந்து அழுவுது, பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே ஊத்திக்கிறாரு பூசாரி, இல்லாட்டி டம்ளரக்கூடப் புடிக்க முடியலங்குது. அத அது சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுருச்சு. இது கயித்துக்கு அடங்கற கேசு இல்லன்னு தெரியும். ஆனாலும் கட்டிட்டேன். பின்னாடி பத்துப் பேரு நிக்கறாங்க, என்ன சொல்லி அனுப்பறது?

அன்னிக்கு சாயங்காலமே வேத்துக் கொட்டிருக்கு. சனிக்கிழம மத்தியானம் வலிப்பு. இங்க இல்லீங்க, என்கிட்டதான் தூக்கிட்டு வந்தாங்க. திருட்டுத்தனமா குடிச்சிருப்பான், கருப்பு அடிச்சிருச்சுன்னு ஊரே பேசுது. உண்ணாமலை மட்டும் இல்ல இல்லங்குது. வாய மோந்து பாருங்க பூசாரின்னு என் வேட்டியப் புடிச்சுக்கிட்டு அழுவுது. மோந்து பாத்தேன். ஒரு வாடையும் இல்ல, சொன்ன சொல்லக் காப்பாத்திருக்கான் பாவிப்பய. நான் திருநீத்தப் பூசி, சாமி சோதிக்குது, தாங்கிக்கன்னு அனுப்பிட்டேன். மறுநாளு செவுரு பூரா எறும்பு ஊருதுன்னு கத்தி, பொண்டாட்டியையே யாருன்னு தெரியாம அடிச்சிருக்கான். அப்பறந்தான் யாரோ புண்ணியவான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டது.

பொழச்சுக்குவான்ல மேடம்? ரெண்டு நாள் போவணுமா. சரிங்க.

நீங்க சொல்றது நல்லாப் புரியுது. தெனம் காலையிலேருந்தே குடிச்ச ஒடம்பு, சட்டுனு நிறுத்துனா உசுருக்கே வந்துரும், ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுத்துதான் நிறுத்தணும். படிக்காதவன், எனக்கெப்படித் தெரியும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரலாம் நானு. நீங்களும் நம்பிருவீங்க. ஆனா தெரியும் மேடம். நல்லாவே தெரியும்.

நாலு வருசத்துக்கு முன்னாடி, மாசித் திருவிழா. விரதம்னு வூட்டுல எல்லாரும் என்னையச் சுத்தியே இருந்தாங்க, ஒன்ற நாளு ஒண்ணும் உள்ள போவல. பூசை நடக்கும்போதே தீபாராதனத் தட்டோட வெட்டி இழுத்து விழுந்துட்டேன். முழிச்சுப் பாக்கறேன், ஊரே என் காலுல கெடக்குது. கருப்பு எறங்கிட்டாருன்னு ஒரே சத்தம். எனக்கு வந்தது என்னான்னு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. அதுக்கப்பறந்தான் கோயிலுக்குக் கூட்டமே.

சாமி காலடியில அத்தன பேரு கடைசிப் பாட்டில வச்சுட்டுப் போறாங்கள்ல, அதெல்லாம் எங்க போவுதுன்னு இதுவர ஒருத்தரும் கேட்டதில்ல. காலையில ரெண்டு முழுங்கு உள்ள போனாத்தான் எனக்கு வெரலு நேரா நிக்கும். நின்னாத்தான் முடிச்சு விழும்.

அன்னிக்கு வைரக்கண்ணுவக் கோயில் வாசல்ல கெடத்துனப்போ, அவன் வச்ச பாட்டில்ல பாதி எண்ணெ ரூமுக்குள்ள இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்கடான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். ஒனக்கு எப்படித் தெரியும்னு கேட்டுருவாங்களேன்னு இருந்தேன். அவன் போனதும் கதவச் சாத்திக்கிட்டு மிச்சத்தையும் குடிச்சேன். வெக்கங்கெட்டவன் மேடம் நான், வேற என்ன சொல்றது.

இல்ல, அவனப் பாக்கறதுக்குச் சீட்டு வேணாங்க. கடைசியா நேத்து சாயங்காலம் குடிச்சது. நான் வந்ததுலேருந்து பாக்கறீங்க, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். டீ வேணாம்னதும் அதுக்குத்தான். எம்பேருக்கே ஒரு அட்மிசன் சீட்டு எழுதுங்க. வயசு அம்பத்தி மூணு.

அவன் இருக்கற ரூம்ல மட்டும் கட்டிலு போட்றாதீங்க. இப்ப வரும்போதுகூட என்னைப் பாத்துட்டு உண்ணாமலை எந்திரிச்சு நின்னு கும்புடுச்சு.